நாலாவது ஆளும் போன பிறகுதான் வீட்டை அளந்து பார்த்தேன்

முற்றத்துவீடு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. போன ஐப்பசியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து நடக்கிறார், ஆனால் கூட ஒரு ஆள் வேண்டும். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு மட்டும் வருகிறேன். அண்ணன் பக்கத்துத் தெருவில். அதனால் ஏஜென்சி மூலம் 24 மணி நேரத்துக்கு ஆள் வைத்தோம். ஏழு மாதத்தில் நாலு பேர் வந்து போய்விட்டார்கள்.

முதல் மூன்று பேர் போனபோது நாங்களும் மற்றவர்கள் சொல்வதையே சொன்னோம். பொறுப்பில்லை, போனையே பார்க்கிறார்கள், சம்பளம் போதவில்லை. நாலாவதாக வந்த அக்கா அப்படிச் சொல்லக்கூடிய ஆள் இல்லை. அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டு, வெற்றிலை இடித்துக் கொடுத்து, மகள் மாதிரி இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "பாட்டி மேல ஒரு குறையும் இல்லக்கா. இந்த வீட்டைத்தான் என்னால தாங்க முடியல" என்றார்.

அன்றைக்கு ராத்திரி டேப் எடுத்து அளந்தேன். எங்களுடையது கும்பகோணத்துப் பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி (வாசலை ஒட்டிய நடை), முற்றம், கூடம், அடுக்களை, பின்கட்டு, கிணறு, கடைசியில் கொல்லையில் கக்கூஸ். அம்மாவின் கட்டில் கூடத்தில். அங்கிருந்து கக்கூஸுக்கு 46 அடி. நடுவில் மூன்று நிலைப்படி, பின்கட்டிலிருந்து இறங்க இரண்டு படி, கிணற்றடியில் பாசி பிடித்த கருங்கல். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ராத்திரி இரண்டு தடவை, 62 கிலோ மனுஷியைத் தாங்கிக்கொண்டு ஒரு பெண் இந்தத் தூரத்தைப் போய்வந்திருக்கிறார்.

கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. எதை மாற்றலாம்? தாத்தா வைத்த கதவு நிலையை யாரும் தொடக்கூடாது என்கிறார் அண்ணன்.

மூணாவதுமாடி:

கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போட்டுவிடுங்கள். நாங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம்.

முற்றத்துவீடு:

போட்டோம். கூடம் திறந்த இடம், முற்றம் வழியாக எல்லாரும் போவார்கள் வருவார்கள். அம்மா அதில் உட்கார மாட்டேன் என்று அடக்கிக்கொண்டே இருந்து, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்தது.

ராத்திரிடூட்டி:

வணக்கம்க்கா. நான் இந்த வேலைல பதினோரு வருஷமா இருக்கேன். இப்ப ஐயா தூங்குறாரு, அதான் எழுதுறேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க.

ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எனக்கு நாலு விஷயம் கண்ணுல படும். கட்டில் சுவரோட ஒட்டிக் கிடக்குதா, பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்குது, நான் எங்க படுப்பேன், நான் எங்க குளிப்பேன். இது நாலும் தெரிஞ்சா அந்த வீட்ல எத்தனை மாசம் தாங்குவேன்னு எனக்கே தெரிஞ்சிரும்.

முக்காவாசி வீட்ல கட்டில் மூலைல இருக்கும். பெரியவங்க விழுந்திரக் கூடாதுன்னு அப்படிப் போடுவாங்க. ஆனா டயபர் மாத்தணும்னா, துணி விரிக்கணும்னா நான் ஒரு முட்டியைக் கட்டில்ல ஊணி, எட்டிப் புடிச்சு, என் பக்கமா இழுக்கணும். ஒரு நாள் இழுத்தா ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருஷம் இழுத்ததுல எனக்கு இடுப்புல டிஸ்க் விலகிருச்சு. பெரியவங்களுக்கும் அந்த இழுவைல தோல் உரசிப் புண்ணாகும். எனக்கு வலிக்கிற இடத்துலதான் அவங்களுக்கும் வலிக்கும்.

பாத்ரூம்னா மூணுக்கு நாலு அடி. ரெண்டு பேர் நிக்க முடியாது. அவங்களைக் குளிப்பாட்டுனா நானும் முழுசா நனைவேன். ஈரத்துணியோட அவங்களைத் துவட்டி, பவுடர் போட்டு, கட்டில்ல படுக்க வெச்சிட்டுத்தான் நான் மாத்துவேன். மாத்துறதுக்கு ஒரு மறைவு இருக்காது. ஒரு வீட்ல நான் மாத்துற எடத்துலயே கேமரா இருந்துச்சு. பாட்டியைப் பார்க்கத்தான்னு சொன்னாங்க.

கதவு உள்பக்கமா திறக்குற பாத்ரூம்ல ஒரு தாத்தா மயங்கி, கதவு மேலேயே சாஞ்சு கிடந்தாரு. தள்ளுனா அவர் மேல இடிக்குது. கார்ப்பெண்டரைக் கூப்பிட்டுக் கதவை அறுத்துதான் எடுத்தோம். அந்த அரை மணி நேரம் நான் வெளிய நின்னு அவர் முனகுறதைக் கேட்டுட்டே இருந்தேன்.

இன்னொண்ணு. இதை எங்கயும் எழுதினதில்ல. நிறைய வீட்ல எங்களைப் பின்னாடி இருக்குற கக்கூஸ்தான் போகச் சொல்லுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் போகணும்னா பெரியவங்களைத் தனியா விட்டுட்டு, பின்கதவுத் தாழ்ப்பாள் ரெண்டையும் திறந்து, இருட்டுல தனியா போகணும். பயந்துகிட்டு அடக்குவேன். உங்க அம்மா அடக்குனாங்கன்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்தக் கூடத்துலயே கீழ படுத்திருந்த அக்காவும் அடக்கிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க.

முற்றத்துவீடு:

இதைப் படித்துவிட்டு நேற்றுப் பதில் எழுத முடியவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். போன வருஷம் ரேழி அறையில் எனக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒரு சின்ன டாய்லெட் கட்டினோம். ஒரு ஆள் திரும்பக்கூட முடியாது, வாக்கர் நுழையாது, அதனால் அம்மாவுக்குப் பயன்படவில்லை. வந்த அக்காக்களைக் கொல்லைக்குப் போகச் சொன்னோம். யாரும் உத்தரவு போடவில்லை. "அது பின்னாடி இருக்கு" என்று கை காட்டியதோடு சரி.

கொல்லைக் கக்கூஸ் ஏன் அங்கே இருக்கிறது என்பதை அண்ணனிடம் பேசினேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து போகிறது. அந்தக் காலத்தில் எடுப்புக் கக்கூஸ். மலம் அள்ள வருகிறவர்கள் தெருவழியாக வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காக அந்தச் சந்து, அதற்காகத்தான் கக்கூஸ் வீட்டின் கடைசியில். எடுப்புக் கக்கூஸைத் தடை செய்த சட்டம் 1993-இல் வந்தது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பே செப்டிக் டேங்க் கட்டிவிட்டார்கள். ஆனால் இடம் மாறவில்லை. யாரையோ தள்ளி வைப்பதற்காகப் போட்ட 46 அடி. அதில்தான் இன்று அம்மா நடக்கிறார். தாங்கிப் பிடிக்க வந்த பெண்ணையும் அதே வழியில் அனுப்பினோம்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நிலையை விட்டுட்டு மத்ததை என்ன வேணா பண்ணு" என்றார்.

சைட்டுக்காரன்:

சிவில் எஞ்சினியர், டெல்டா பக்கம்தான் வேலை. உங்கள் வீட்டு மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிலைப்படியை உடைக்க வேண்டாம். அதைத் தாண்டவேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடலாம். சாய்தளம் போடலாம் என்று பலர் சொல்வார்கள். கணக்கு இதுதான்: ஒரு இஞ்சு உயரத்துக்கு ஒரு அடி நீளம். 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட அணுகல் வழிகாட்டியிலும் 1:12 சரிவுதான். உங்கள் நிலைப்படி ஐந்து இஞ்சு இருந்தால் இந்தப் பக்கம் ஐந்தடி, அந்தப் பக்கம் ஐந்தடி. மூன்று நிலைக்கும் போட்டால் வீடு முழுக்கச் சாய்தளமாகத்தான் இருக்கும். செங்குத்தாக ஒரு பலகையை வைத்துவிட்டுச் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்வது படியைவிட ஆபத்து. இறங்கும்போது பின்னால் நிற்கிறவர்தான் முழுப் பாரத்தையும் பிடிக்கவேண்டும்.

நான் கேட்பது: உங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா? வந்திருந்தால் கழிவு போகிற வழி இப்போது வாசல் பக்கம். கொல்லையில் பாத்ரூம் இருக்கவேண்டிய காரணமே போய்விட்டது. கொல்லையிலிருந்து வாசலுக்குக் குழாய் கொண்டுவர வேண்டுமானால் நாலு இஞ்சுக் குழாய்க்கு 1:40 வாட்டம், அதாவது 40 அடிக்கு ஒரு அடி சரிவு, கொடுத்தால் 60 அடிக்கு ஒன்றரை அடி பள்ளம் தோண்டவேண்டும். ரேழியில் கட்டினால் தெருவில் இருக்கும் சாக்கடைத் தொட்டிக்குப் பத்தடி.

ரேழி அறையையே அம்மாவின் அறையாக்கி, அந்தச் சின்ன டாய்லெட்டை இடித்துப் பெரிதாக்குங்கள். ஐந்துக்கு ஏழு அடிக்குக் குறையக்கூடாது. டாய்லெட் பீங்கானுக்கு ஒரு பக்கமாவது ஒரு ஆள் நிற்க இடம் விடுங்கள். கதவு மூன்றடி, வெளிப்பக்கம் திறக்கவேண்டும். கடையில் ரெடிமேடாக விற்கிற பாத்ரூம் கதவு இரண்டரை அடி. சட்டம், கீல், கதவின் கனம் எல்லாம் போக 26 இஞ்சு மிஞ்சினால் அதிகம். சக்கர நாற்காலியே 25, 26 இஞ்சு. தள்ளுகிறவரின் விரல் முட்டிதான் கிழியும்.

பாத்ரூம் தரையை அறையைவிட இரண்டு இஞ்சு இறக்குவது கொத்தனார்களின் பழக்கம். சொல்லாவிட்டால் இறக்கிவிடுவார்கள். வாசலில் சமமாக வைத்து, உள்ளே தண்ணீர் போகும் ஓட்டையை நோக்கி வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே நில்லுங்கள்.

கைப்பிடி பற்றி ஒன்று. உங்கள் சுவர் சுண்ணாம்புக் காரை. பிளாஸ்டிக் பிளக் போட்டுத் திருகினால் பிடிக்கவே பிடிக்காது. சுவரைத் துளைத்து மறுபக்கம் பிளேட் வைத்து போல்ட் போடவேண்டும். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடித்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொல்லைப்புறம்:

இவ்வளவு செலவு எதற்கு? அம்மாவைப் பின்கட்டு அறைக்கு மாற்றினால் கக்கூஸ் பத்தடி. பார்த்துக்கொள்கிறவருக்கும் அடுக்களை பக்கம். எங்கள் பெரியப்பா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், அவர் ஆறு வருஷம் நன்றாக இருந்தார்.

முற்றத்துவீடு:

மூன்றாவது ஆள் இருந்தபோது அதையும் செய்தோம். வேலை சுலபமானது நிஜம். ஆனால் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் ஐம்பது வருஷமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கீரைக்காரம்மா, எதிர்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது, சாயங்காலம் திண்ணையில் வந்து உட்காருகிற இரண்டு தோழிகள். பின்கட்டில் கிணறும் சுவரும்தான். தோழிகளில் ஒருவருக்கு முட்டிவலி, நிலைப்படி தாண்டி உள்ளே வர முடியவில்லை, வருவதே நின்றுவிட்டது. மூன்று வாரத்தில் சாப்பாடு பாதியானது. திரும்பக் கூடத்துக்கே கொண்டுவந்தோம்.

பார்த்துக்கொள்ள வந்தவரும் அந்த மூன்று வாரம் யாரோடும் பேச ஆளில்லாமல் இருந்தார். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

கிணத்தடி:

யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதுறன். எங்கட வீட்டிலையும் இதே கதைதான். கக்கூஸும் குளிக்கிற இடமும் வீட்டுக்கு வெளியிலை, கிணத்தடியோடை. மாரி காலத்திலை அம்மம்மாவைக் குடை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது. ஒரு கையிலை குடை, மற்றக் கையிலை அம்மம்மா, முற்றம் முழுக்கச் சேறு. பாக்க வாற அக்கா ஒருக்கா அவவோடை சேர்ந்து விழுந்தா. ரெண்டு பேருக்கும் கை முறிஞ்சுது. அம்மம்மாவுக்கு மாமா வெளிநாட்டிலை இருந்து காசு அனுப்பினவர். அந்த அக்காவுக்கு ஆர் அனுப்பிறது? ரெண்டு மாசம் வேலை இல்லை அவவுக்கு. கட்டுறதெண்டால் அதையும் யோசிச்சுக் கட்டுங்கோ.

மூட்டுவலி:

பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறவன். சைட்டுக்காரன் சொன்னதோடு கட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது.

கட்டில் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று அம்மாவைக் கேட்டால் ஒரு பதில், பார்த்துக்கொள்பவரைக் கேட்டால் வேறு பதில். அம்மா தானாக எழுந்து நிற்க, உட்கார்ந்திருக்கும்போது பாதம் தரையில் முழுதாகப் படியவேண்டும், முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். குள்ளமான பெண்மணி என்றால் மெத்தையோடு சேர்த்து 17, 18 இஞ்சு. பார்த்துக்கொள்பவருக்கு, குனியாமல் துடைக்கவும் புரட்டவும் அவர் இடுப்பு உயரம் வேண்டும், அதாவது 30 இஞ்சுக்கு மேல். வாடகைக்குக் கிடைக்கிற ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெரும்பாலும் தலைப்பக்கமும் கால்பக்கமும்தான் ஏறும், மொத்த உயரம் மாறாது. மெத்தை போட்டால் அம்மாவின் கால் தொங்கும், வழுக்கி இறங்குவார். பழைய திவான் கட்டில் என்றால் பார்த்துக்கொள்பவர் நாள் முழுக்க வளைந்தே நிற்பார்.

மொத்தக் கட்டிலும் ஏறி இறங்குகிற வகை இருக்கிறது. வாடகைக்குக் கேட்கும்போது அதைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், நடக்கிற நிலையில் இருக்கும்வரை அம்மாவின் உயரத்துக்கே வையுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சின்ன ஸ்டூல் கொடுங்கள். படுத்த படுக்கையானால் அப்போது உயர்த்தலாம். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் மட்டும் வைக்காதீர்கள், நகர்ந்துவிடும். நடுவில் குழி வெட்டிய மரக்கட்டை செய்யச் சொல்லுங்கள். மூலையிலிருந்து இழுத்து மூன்று பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள், இரண்டரை அடி இருந்தால் நல்லது.

ஒரு எண் சொல்கிறேன். கையால் ஒரு நோயாளியைத் தூக்குவதற்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு 35 பவுண்டு, கிட்டத்தட்ட 16 கிலோ. அதுவும் நேராக நின்று, உடலை முறுக்காமல், உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்கினால். மூன்றடி பாத்ரூமில் முறுக்கிக்கொண்டு 62 கிலோவை எழுப்பச் சொல்கிறோம். பீங்கான் 17, 18 இஞ்சு இருந்து, பக்கத்தில் உறுதியான கைப்பிடி இருந்தால், பாதி பாரத்தை அம்மாவின் கையும் காலும் எடுத்துக்கொள்ளும். அவருடைய தொடைச் சதையும் வீணாகாது. இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்குத் தாழ்வான இருக்கை முதல் சில மாதம் கூடவே கூடாது என்று உங்கள் டாக்டரும் சொல்லியிருப்பார்.

பணம் கட்டிப் பிசியோ வைக்க முடியாதவர்கள் யாராவது இதைப் படித்தால்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருகிறவரிடம் வலிக்கிற காலை மட்டும் காட்டாமல் பாத்ரூமையும் காட்டுங்கள்.

மூணாவதுமாடி:

எங்கள் நிலைமையும் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. சென்னையில் 550 சதுர அடி, லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அப்பா கீழே இறங்கி இரண்டு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி போக வேண்டுமானால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்குவோம், திருப்பத்தில் நாற்காலியைத் தலைக்கு மேல் உயர்த்தவேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

இடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது, வாடகை வீடு. ஹாலில் டிவி ஸ்டாண்டை எடுத்துவிட்டு அங்கே கட்டில் போட்டோம். மேலே கம்பி ஓட்டி ஆஸ்பத்திரி மாதிரி திரை தொங்கவிட்டோம். பாத்ரூம் கதவைக் கழற்றிவிட்டு அங்கேயும் கனத்த திரை, வீட்டுக்காரர் சம்மதித்தார். சக்கரம் வைத்த கமோடு நாற்காலி சக்கர நாற்காலியைவிட அகலம் குறைவு, இப்போது நுழைகிறது. பார்த்துக்கொள்ளும் தம்பி அடுக்களையில் படுத்துக்கொண்டிருந்தார். ராத்திரிடூட்டி எழுதியதைப் படித்த பிறகு, சின்ன அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் அப்பா பக்கத்தில் படுக்கிறோம். ராத்திரி அப்பாவை முறை போட்டுப் பார்க்கிறோம். போன வாரம் அந்தத் தம்பி ஊருக்குப் போய்ச் சொன்ன தேதியில் திரும்பி வந்தார். அதற்கு முன் ஒரு தடவையும் அப்படி வந்ததில்லை.

முற்றத்துவீடு (பத்து வாரம் கழித்து):

எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இதோ.

ரேழி அறையை அம்மாவுக்கு ஆக்கிவிட்டோம். தெருப்பக்கம் ஜன்னல். கட்டில் சுவரைவிட்டு நடுவில், ஏறி இறங்குகிற வகை, தஞ்சாவூரிலிருந்து வாடகைக்கு வந்தது. பாத்ரூம் ஐந்துக்கு ஏழரை, மூன்றடிக் கதவு, வெளியே திறக்கிறது. கொத்தனார் இரண்டு இஞ்சு இறக்கத்தான் பார்த்தார். சைட்டுக்காரன் சொன்னபடி அண்ணன் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டிலிலிருந்து பீங்கானுக்கு ஒன்பது அடி, ஒரு படி இல்லை. தாத்தாவின் நிலை மூன்றும் அப்படியே இருக்கின்றன.

இரண்டு லட்சம் போதவில்லை. அண்ணன் கொஞ்சம் போட்டார், நான் நகைக்கடன் வாங்கினேன்.

ரேழியை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து, பார்த்துக்கொள்பவருக்குக் கட்டில், மின்விசிறி, உள்பக்கத் தாழ்ப்பாள், ஒரு அலமாரி. பாத்ரூம் எல்லாருக்கும் ஒன்றுதான். கொல்லைக் கக்கூஸைப் பூட்டிவிட்டோம்.

நாலாவது அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வேறு வீட்டில் இருக்கிறார், உடனே விட்டு வர முடியாது என்றார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். அம்மா அவரை உட்காரவைத்து வெற்றிலை கொடுத்தார். அக்கா பாத்ரூமுக்குள் போய்க் கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், "அசையலக்கா" என்றார். அவர் சொல்லி அவருடைய ஊர்க்காரர் ஒருவர் இப்போது இருக்கிறார். ஏழு வாரம் ஆகிறது.

முட்டிவலிக்காரத் தோழி மறுபடி வருகிறார். ஜன்னலுக்கு வெளியே திண்ணையில் அவர், உள்ளே கட்டிலில் அம்மா.

ராத்திரிடூட்டி:

படிக்கவே சந்தோஷமா இருக்குக்கா. ரெண்டு கேள்வி. பாத்ரூம் தாழ்ப்பாளை வெளிய இருந்து காசு போட்டுத் திருப்பித் திறக்குற மாதிரி போட்டீங்களா? ராத்திரி லைட் சுவிட்ச் பாட்டி கைக்கு எட்டுதா, இல்ல கதவுகிட்ட இருக்கா?

முற்றத்துவீடு:

தாழ்ப்பாள் சாதாரணக் கொண்டிதான். சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில், அம்மாவுக்கு எட்டாது. இரண்டையும் யோசிக்கவே இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு இப்போதே சொல்லிவிட்டேன், சனிக்கிழமை நான் ஊரில் இருக்கும்போது வருகிறார். கொண்டியை இன்றைக்கே கழற்றிவிடச் சொல்கிறேன்.